உதகை மலைமேல் இருக்கும் கருவிகள் கரும்பொருளைத் தேடுகின்றனவா?

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை, முறைப்படி அனுமதி பெற்று, உதகையில் உள்ள கிரேப்ஸ்-3 அண்டக்கதிர் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். புல் மேட்டில் எட்டு மீட்டருக்கு ஒன்றாக வரிசை பிடித்து நிற்கும் உணரிகளைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது ஒரு மாணவி, "டீச்சர், இந்தப் பெட்டிகள் எல்லாம் கரும்பொருளைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றனவா?" என்று கேட்டாள். வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே என் கவனம் இருந்ததால், "ஆமாம், ஆமாம்" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

வீட்டிற்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் என் பதிலில் எனக்கே ஐயம் வந்தது. இத்தாலியில் மலைக்கு அடியில் குடைந்த சுரங்கத்திலும், அமெரிக்காவில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்திலும், சீனாவில் 2,400 மீட்டர் பாறைக்குக் கீழேயும் கருவிகளை வைத்துக் கரும்பொருளை, அதாவது டார்க் மேட்டரை, தேடுகிறார்கள் என்றால், நம்முடைய கருவிகள் மட்டும் ஏன் 2,200 மீட்டர் உயரத்தில் மலைமேல் இருக்கின்றன? எல்லாவற்றையும் ஊடுருவிச் செல்லும் துகள் என்றால் அதற்கு மேலென்ன, கீழென்ன? இன்னதென்றே தெரியாத ஒன்றைத் தேடுவதற்கு ஒரு கருவியை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு சிறு செய்தி. அந்த மாணவி குறிப்பேட்டில் "கருப்பொருள்" என்று எழுதியிருந்தாள். குறிஞ்சி நிலத்துக் கருப்பொருளைத் தமிழ் வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தார்களாம். திருத்த மனமில்லாமல் திருத்தினேன்.

---

குன்னூர் ஆய்வு மாணவன் எழுதியது:

டீச்சர், உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரான பதில் "இல்லை" என்பதுதான். கிரேப்ஸ்-3, விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்களான அண்டக்கதிர்களை ஆராய்வதற்காக அமைக்கப்பட்டது. ஆனால் அந்த "இல்லை"யோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நான் துகள் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு குறை. கரும்பொருள் கருப்பு நிறமுடையது அன்று. கருப்பாக இருந்தால் ஒளியை விழுங்கும். பின்னால் இருக்கும் விண்மீனை மறைக்கும். இது ஒளியை விழுங்குவதும் இல்லை, உமிழ்வதும் இல்லை. கண்ணாடியைவிடத் தெளிவாக ஒளியை விட்டுவிடுகிறது. ஈர்ப்பு ஒன்றினால் மட்டுமே தன் இருப்பைத் தெரிவிக்கிறது. பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளின்படி, அண்டத்தின் மொத்த ஆற்றல் இருப்பில் நாமும் நம் தேயிலைத் தோட்டங்களும் எல்லா விண்மீன்களும் சேர்ந்த சாதாரணப் பொருள் சுமார் 5 விழுக்காடு. கரும்பொருள் சுமார் 27 விழுக்காடு.

நாம் இருக்கும் பகுதியில் அது எவ்வளவு இருக்கிறது என்பதையும் விண்மீன்களின் இயக்கத்திலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு புரோட்டானின் நிறை. இந்த அடர்த்தியை வைத்துப் பெருக்கிப் பார்த்தால், இந்த நொடியில் பூமிப் பந்து முழுவதற்குள்ளும் இருக்கும் கரும்பொருள் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும், ஒரு தேயிலைப் பொட்டலத்தின் எடை. அவ்வளவு மெலிதாக இருந்தும் அது ஏன் பால்வெளியையே ஆட்டிவைக்கிறது என்றால், விண்மீன்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்க, இது இடைவெளியெங்கும் நிரம்பியிருப்பதால்தான்.

நீண்ட காலமாக முதன்மையாகத் தேடப்பட்டு வருவது, புரோட்டானைப் போல நூறு மடங்கு எடையுள்ள, மிக அரிதாக மட்டுமே அணுக்கருவில் மோதக்கூடிய ஒரு துகளை. எடுத்துக்காட்டுக்கு அந்த எடையை வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் பாத்திரத்தில் எந்நேரமும் மூன்று துகள்கள் இருக்கும். சூரியன் பால்வெளி மையத்தை நொடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவதால், உங்கள் உள்ளங்கை வழியாக ஒவ்வொரு நொடியும் பல லட்சம் துகள்கள் கடந்து செல்கின்றன. அவற்றுள் ஒன்றுகூட உங்கள் ஆயுளில் உங்கள் உடலில் உள்ள அணுக்கரு ஒன்றில் மோதாமல் போகலாம். ஆகவே நிறைய அணுக்கருக்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாம் துகளின் இயல்பை அறியாவிட்டாலும், மோதப்பட்ட அணுக்கரு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிவோம். கருவி அந்த அணுக்கருவைக் கவனிப்பதற்காகவே வடிவமைக்கப்படுகிறது. இன்னதென்று தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில்.

அமெரிக்காவின் தென் டகோட்டாவில் பழைய தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 1,480 மீட்டர் ஆழத்தில் இருக்கும் லக்ஸ்-செப்லின் கருவியில், சுமார் மைனஸ் 100 பாகை செல்சியஸில் குளிர்வித்துத் திரவமாக்கிய செனான் ஏழு டன் இருக்கிறது. செனான் அணுக்கரு ஒன்று தள்ளப்பட்டால், முதலில் ஒரு மிகச் சிறிய ஒளித் துளி தோன்றும்; பிறகு அங்கே பிய்ந்த எலெக்ட்ரான்கள் மின்புலத்தால் மேலே இழுக்கப்பட்டு, திரவத்தின் மேற்பரப்பைத் தாண்டியதும் இரண்டாவது ஒளித் துளி தோன்றும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் ஆழத்தைச் சொல்லும். இரண்டின் பிரகாச விகிதம், தள்ளப்பட்டது அணுக்கருவா, வெறும் எலெக்ட்ரானா என்பதைச் சொல்லும். எலெக்ட்ரான் என்றால் பெரும்பாலும் சுற்றியுள்ள கதிரியக்கத்தின் வேலை. அணுக்கரு என்றால்தான் நிமிர்ந்து உட்காரலாம். 280 நாள் தரவுகளை ஆராய்ந்து 2024 ஆகஸ்ட்டில் அவர்கள் அறிவித்த முடிவு: எதிர்பார்த்த பின்னணிக்கு மேல் எதுவும் இல்லை.

சுரங்கத்திற்கு ஏன் போகிறார்கள் என்பது இங்கிருந்து விளங்கும். மேலிருந்து அண்டக்கதிர்களின் வழித்தோன்றல்களான மியூவான்கள் பெய்துகொண்டே இருக்கின்றன. கடல்மட்டத்தில் உள்ளங்கையில் நொடிக்கு ஒன்று வீதம். ஆண்டுக்கு ஒரு சில மோதல்களை எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு அது தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்யும்போது ஊசி விழும் ஒலியைக் கேட்க முயல்வது போன்றது. இத்தாலியின் கிரான் சாசோவில் 1,400 மீட்டர் பாறை அந்த மழையைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. கரும்பொருள் துகளுக்கு நீங்கள் சொன்னது போல மேலும் கீழும் ஒன்றுதான். பாறை அதைத் தடுப்பதற்காக இல்லை, மற்றவற்றைத் தடுப்பதற்காக.

---

ஐயம் தெளியாதவன் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்திற்கு நன்றி. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. பல்லாண்டுகளாகத் தேடியும் கிடைக்காத பொருள் இல்லாத பொருளாகவும் இருக்கலாம் அல்லவா? ஒளி செல்வதற்கு ஈத்தர் வேண்டும் என்று ஒரு காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். 1983இல் இசுரேலைச் சேர்ந்த மில்குரோம், பொருளைச் சேர்க்காமல் ஈர்ப்பு விதியையே மிகச் சிறிய முடுக்கங்களில் மாற்றிப் பார்க்கலாம் என்று சொன்னாரே, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகுமா?

---

குன்னூர் ஆய்வு மாணவன் எழுதியது:

சொல்லத்தான் வேண்டும். மில்குரோமின் கருத்து தனித்தனி விண்மீன் திரள்களின் சுழற்சியை வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக விளக்குகிறது. ஆனால் பல திரள்கள் ஈர்ப்பால் கூடிய திரள்கொத்துகளுக்கு வரும்போது இடறுகிறது. இரண்டு திரள்கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்ற புல்லட் கொத்தில், சாதாரணப் பொருளில் பெரும்பங்கான வெப்பவாயு மோதிக்கொண்டு நடுவிலேயே தேங்கிவிட்டது. நம் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அந்த வாயுவைப் படம் பிடித்தது. பின்னணித் திரள்களின் ஒளி எங்கே வளைகிறது என்று அளந்தால், நிறையின் பெரும்பகுதி வாயு இருக்கும் இடத்தில் இல்லாமல், அதைத் தாண்டி இருபுறமும் முன்னே போய்விட்டிருக்கிறது. 2006இல் வெளியான இந்த முடிவை ஈர்ப்பு விதியை மட்டும் திருத்தி விளக்குவது மிகக் கடினம். அண்டத்தின் இளமைக் கால ஒளியின் மிச்சமான அண்ட நுண்ணலைப் பின்னணியில் தெரியும் ஏற்ற இறக்கங்களும் அப்படியே. ஈத்தரைத் தேடிய சோதனை, ஈத்தர் தேவையே இல்லை என்று காட்டியது; இங்கே தேவை ஒவ்வோர் அளவீட்டிலும் உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது, அகப்படாதது துகள் மட்டும்தான்.

---

கொடைமலைவாசி எழுதியது:

பழனி மலையிலிருந்து ஒரு சிறு சேர்க்கை. வகுப்பில் கரும்பொருளைத் தொடங்குவதற்கு அணுக்கருவை விட நிறமாலை எளிதான வழி என்பது என் அனுபவம்.

1899இல் நிறுவப்பட்ட எங்கள் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909 ஜனவரியில் எவர்ஷெட் சூரியப் புள்ளி ஒன்றின் நிறமாலையை ஒளிப்படமெடுத்தார். கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மயிரிழை விலகியிருந்தன. புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை அந்த விலகலிலிருந்து கண்டுபிடித்தார். நம்மை நோக்கி வரும் பொருளின் கோடு நீலப் பக்கமும், விலகிச் செல்வதன் கோடு சிவப்புப் பக்கமும் நகரும் என்ற டாப்ளர் விளைவுதான் இதன் அடிப்படை.

அதே உத்தியைக்கொண்டுதான் 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரொமேடா திரளில் 67 வாயு மண்டலங்களின் வேகத்தை அளந்தார்கள். சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்திலும், நெப்டியூன் 5 கிலோமீட்டர் சொச்சத்திலும் செல்கின்றன. நிறை நடுவில் குவிந்திருந்தால் தொலைவு கூடக் கூட வேகம் குறைய வேண்டும். ஆண்ட்ரொமேடாவின் விளிம்பிலோ வேகம் அப்படிக் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் முடிந்த பின்னும் நிறை முடியவில்லை என்பதைத் தவிர வேறு பொருள் கொள்வது அரிது. 1933இலேயே கோமா திரள்கொத்தில் சுவிக்கி இதே முரணைக் கண்டு சொன்னார். அப்போது கேட்பார் அதிகம் இல்லை. இரண்டு கோள்களின் வேகத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மூன்றாவதற்கு எவ்வளவு இருக்கும் என்று பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள்.

---

முத்தோரைப் பெரியவர் எழுதியது:

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நான் அறிவியலாளன் இல்லை. மலைமேல் உள்ள ஆய்வுக் கருவிகளில் மின்னணுப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் கருவிகளோடு பழகியவன் என்ற முறையில் "மலைமேல் ஏன்" என்பதற்கு மட்டும் எழுதுகிறேன்.

நம் தம்பி சொன்ன அந்த ஆலங்கட்டி மழையைத் தவிர்ப்பதற்காகச் சுரங்கத்திற்குப் போகிறார்கள். அந்த மழையையே எண்ணுவதற்காக உதகைக்கு வந்தார்கள். அண்டக்கதிர் ஒன்று வளிமண்டலத்தின் உச்சியில் மோதினால், அதிலிருந்து பல்லாயிரம் துகள்கள் பொழிவாக இறங்கும். கீழே வர வர அந்தப் பொழிவு காற்றிலேயே வற்றிவிடும் என்பதால், உயரத்தில் இருந்தால் நன்றாகப் பிடிக்கலாம். நீங்கள் புல்மேட்டில் பார்த்த ஒளிர்வு உணரிகள் ஏறத்தாழ 400. அவை பொழிவு எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்பதைச் சொல்லும். பிள்ளைகள் அவ்வளவாகக் கவனித்திருக்க மாட்டார்கள், பக்கத்தில் காங்கிரீட்டை மலை போல அடுக்கி வைத்த கட்டடங்கள் உண்டு. அதற்கு அடியில் ஆறு மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள், மொத்தம் 3,712, நான்கு அடுக்குகளாகக் கிடக்கின்றன. இரண்டு மீட்டர் காங்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு வருவது மியூவான் மட்டும்தான் என்பதால், அந்த 560 சதுர மீட்டரும் மியூவானை எண்ணுவதற்கே. ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள்.

காற்றழுத்தம் கூடினால் எண்ணிக்கை குறையும். மேலே வெப்பநிலை மாறினால் அதற்கேற்ப மாறும். 2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேலே ஓர் இடிமேகம் வந்தபோது எண்ணிக்கை சரிந்தது. அந்தச் சரிவை வைத்துக்கொண்டு மேகத்திற்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். கருவி கெட்டுவிட்டதா, வானம் ஏதோ சொல்கிறதா என்று பிரித்தறிவதிலேயே எங்கள் காலம் போனது. ஈரம் ஏறிய ஓர் இணைப்பு முனைகூட புதிய இயற்பியலைப் போலவே தோற்றமளிக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கிரான் சாசோவில் டாமா என்ற கூட்டமைப்பு, சோடியம் அயோடைடுப் படிகங்களில் ஜூன் மாதத் தொடக்கத்தில் கூடி, டிசம்பரில் குறையும் ஓர் ஆண்டுச் சுழற்சியைப் பல ஆண்டுகளாகக் காட்டி வந்தது. பூமி சூரியனோடு சேர்ந்து ஓடும் பாதியாண்டில் கரும்பொருள் காற்று எதிரே வேகமாக வீசும் என்பது அவர்கள் கணிப்பு. அது சரியான கணிப்புதான். ஆனால் ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்குவது உலகத்தில் எத்தனையோ உண்டு. அதே வகைப் படிகங்களை வைத்துக் கொரியாவில் கோசைன்-100 குழுவும் ஸ்பெயினில் அனாய்ஸ் குழுவும் அளந்து பார்த்து, அந்தச் சுழற்சி தங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டன. எனக்கு அதில் வியப்பு இல்லை.

முத்தோரையில் 1970இல் கோவிந்த் சுவரூப் கட்டிய ரேடியோத் தொலைநோக்கியையும் சிலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். 530 மீட்டர் நீளமுள்ள அந்தத் தொட்டி, மலைச்சரிவு நம் ஊர் அட்சரேகையின் அளவுக்கே, 11 பாகை, சாய்ந்திருப்பதால் அங்கே வைக்கப்பட்டது. அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். அது வாங்கும் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். திரள்களின் சுழற்சியை அளக்க உதவும் ஹைட்ரஜன் அலை 1,420 மெகாஹெர்ட்ஸ் என்பதால், பக்கத்துத் திரள்களின் கரும்பொருளை அளக்க அது பயன்படாது.

---

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

ஐயா, தம்பி, கொடைமலை நண்பர், எல்லாருக்கும் நன்றி. கீழே போவது விலக்குவதற்கு, மேலே போவது எண்ணுவதற்கு என்பது இப்போது விளங்கிவிட்டது. ஆனால் தம்பி முதலில் "இல்லை என்பதோடு நிறுத்தினால் பாதி உண்மை" என்று எழுதினார். மற்றப் பாதி இன்னும் வரவில்லை. நீலகிரியிலேயே சிங்காராவில் ஒரு சுரங்க ஆய்வகம் வருவதாக இருந்ததே, அதில் இதைத் தேடியிருப்பார்களா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

---

குன்னூர் ஆய்வு மாணவன் எழுதியது:

மன்னிக்கவும், விட்டுவிட்டேன்.

சிங்காராவை முதலில் முடித்துவிடுகிறேன். மசினகுடிக்கு அருகே, பைக்காரா இறுதிக்கட்ட நீர்மின் நிலையத்தை ஒட்டி, எதிலும் எளிதில் மோதாத, மிக நுண்ணிய துகளான நியூட்ரினோவை ஆராயும் ஆய்வகத்தை முதலில் திட்டமிட்டார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தையும் யானை வழித்தடத்தையும் காரணம் காட்டி 2009இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அதன் பிறகு தேனி மாவட்டம் பொட்டிபுரத்திற்கு மாற்றினார்கள். அங்கும் எதிர்ப்பும் வழக்குகளுமாக நின்றுவிட்டது. அதன் முதல் நோக்கம் நியூட்ரினோ என்றாலும், அதே குகையில் கரும்பொருள் சோதனை ஒன்றும் எண்ணத்தில் இருந்தது. யானைகளின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். அதே வேளையில், 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்த நாட்டுக்கு இன்று அவ்வளவு ஆழமான குகை இல்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது. இப்போது இருப்பது ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் உள்ள சிறு ஆய்வகம்.

இனி மற்றப் பாதி. கரும்பொருள் மோதுவதற்காகக் காத்திருப்பது ஒரு வழி. ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னில் புரோட்டான்களை மோதவிட்டு, கணக்கில் உதைக்கும் உந்தத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது வெளியேறியதா என்று பார்ப்பது இன்னொரு வழி. அதில் கிடைத்தாலும், அந்தத் துகள் கருவியைத் தாண்டும் வரை உயிரோடு இருந்தது என்றுதான் சொல்ல முடியும், 1,380 கோடி ஆண்டு இருந்ததா என்று சொல்ல முடியாது. மூன்றாவது வழி வானத்தைப் பார்ப்பது. கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தாலோ, தாமாகச் சிதைந்தாலோ, காமா கதிர்களும் பாசிட்ரான்களும் (நேர்மின்னூட்டம் கொண்ட எதிர் எலெக்ட்ரான்கள்) நியூட்ரினோக்களும் பிறக்கலாம். அவை அடர்த்தி மிகுந்த பால்வெளி மையத்திலிருந்து அதிகம் வர வேண்டும்.

2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கியின் தரவுகளில், மையத்தைச் சுற்றி எதிர்பார்த்ததைவிட மிகுதியான காமா ஒளி உண்மையிலேயே இருக்கிறது. முதலில் எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் மில்லிநொடிகளில் சுழலும் செறிந்த விண்மீன்களான மில்லிநொடித் துடிவிண்மீன்கள் ஏராளமாக அங்கே மறைந்திருந்தாலும் இதே ஒளி வரும். கரும்பொருள் மிகுந்த, வேறு சந்தடி இல்லாத டிராக்கோ போன்ற குறுந்திரள்களோ மௌனமாக இருக்கின்றன. விண்வெளி நிலையத்தில் 2011இல் பொருத்திய ஏஎம்எஸ்-02 என்ற துகள் உணரி அளந்த பாசிட்ரான் மிகுதிக்கும் இதே கதி: அதையும் துடிவிண்மீன் விளக்கிவிடக்கூடும். சாதாரண அண்டக்கதிர்கள் எங்கே பிறந்து, எந்த ஆற்றலில் எவ்வளவு வருகின்றன என்பதைத் துல்லியமாக அறியாமல் "இது மிகுதி" என்று சொல்லவே முடியாது. 2024இல் கிரேப்ஸ்-3 குழு புரோட்டான்களின் நிறமாலையில் சுமார் 166 டெராஎலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு அருகே எதிர்பாராத ஒரு வளைவைக் கண்டதாக வெளியிட்டது. அத்தகைய அளவீடுதான் அந்தக் கணக்கின் அடிமட்டம்.

மேலும் ஒன்று. மிகக் கனமான கரும்பொருள் சிதைந்தால் வரும் காமா கதிரும் காற்றில் பொழிவை உண்டாக்கும், ஆனால் அதில் மியூவான்கள் மிகக் குறைவு. பெரியவர் சொன்ன அந்தக் காங்கிரீட்டுக்கு அடியில் மியூவான் ஏதும் பதியாமல், மேலே உணரிகள் மட்டும் நிறையப் பதிவு செய்தால், அது காமாவாக இருக்க வாய்ப்பு உண்டு. சீனாவில் 4,410 மீட்டர் உயரத்தில் உள்ள லாசோ என்ற அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் இந்த முறையில்தான் கனத்த கரும்பொருளுக்கு எல்லை வகுத்திருக்கிறது. உதகையின் கருவி அதைவிடச் சிறியது என்றாலும் அமைப்பு அதே வகை. ஆகவே உங்கள் மாணவியிடம், "அந்தப் பெட்டிகள் கரும்பொருளுக்காக வைக்கப்படவில்லை, ஆனால் கரும்பொருள் காமாவாகச் சிதைந்தால் அதைக் கவனிக்கும் தகுதி அவற்றுக்கு உண்டு" என்று சொல்லலாம்.

---

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

திங்கட்கிழமை வகுப்பில் என் "ஆமாம், ஆமாம்"ஐத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி: அந்தப் பால்வெளி மையம் நம் ஊரிலிருந்து தெரியுமா?

---

முத்தோரைப் பெரியவர் எழுதியது:

நன்றாகத் தெரியும் அம்மா. தனுசு ராசியில், விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கத்தில். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது தெற்கே சுமார் 50 பாகை உயரம் வரை ஏறும். லாசோ இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 30 பாகைதான். நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூன் மாதத்தில், அப்போது நமக்குத் தென்மேற்கு மழை. கருவிகளுக்கு மேகம் ஒரு பொருட்டில்லை; நமக்குத்தான். ஏப்ரல் நடுவில் அதிகாலை நாலரை மணியளவில் பிள்ளைகளைத் தெற்கே பார்த்து நிற்கச் சொல்லுங்கள். கம்பளி மறக்க வேண்டாம்.